டீப்பாய்ப் புலியும் பம்ப் சத்தமும்

(நம் சங்க நூலக அறையில் இயற்கை நூல்களுக்கான தனித் தட்டு தொடங்கப்பட்ட அன்று பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



நம் நூலக அறையில் இன்று ஒரு புதிய தட்டு சேர்ந்திருக்கிறது. காடு, பறவை, விலங்கு, மரம், தோட்டம் பற்றிய புத்தகங்களுக்கு என்று தனியாக ஒரு தட்டு. அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டபோது தயங்கினேன். நான் தாவரவியலும் படிக்கவில்லை, விலங்கியலும் படிக்கவில்லை. முப்பத்தைந்து வருடம் வங்கியில் கணக்குப் பார்த்தவன். ஆனால் இந்தத் தட்டு வேண்டும் என்று இரண்டு வருடமாகச் செயற்குழுவைத் தொந்தரவு செய்தவன் நான்தான். அதனால் தப்பிக்க முடியவில்லை.

முதலில் எங்கள் வீட்டுப் புலியைப் பற்றிச் சொல்கிறேன். நான் பணி ஓய்வு பெற்ற அன்று அலுவலக நண்பர்கள் ஒரு பெரிய படப் புத்தகம் பரிசளித்தார்கள். இந்தியக் காடுகளைப் பற்றியது. அட்டையில் புலி. கெட்டி அட்டை, வழவழப்பான தாள், இரண்டு கிலோ எடை இருக்கும். அன்றிலிருந்து அது எங்கள் ஹாலில் டீப்பாய் மேல்தான் இருக்கிறது. வருகிறவர்கள் இரண்டு பக்கம் புரட்டுவார்கள், "ஆஹா" என்பார்கள், காபி வந்ததும் மூடிவிடுவார்கள். வெள்ளிக்கிழமைதோறும் என் மனைவி அதைத் துடைத்து வைப்பாள். அதை முழுதாகப் படித்தவர் எங்கள் வீட்டில் யாரும் கிடையாது, என்னையும் சேர்த்து.

அந்தப் புத்தகம் தப்பில்லை. படங்கள் அருமையானவை. ஆனால் அதைப் பார்த்து எனக்கு ஒரு எண்ணம் வந்துவிட்டது. இயற்கை என்றால் கன்ஹாவில் இருக்கிறது, கபினியில் இருக்கிறது, லீவு போட்டு, ஜீப் எடுத்துப் போய்ப் பார்க்க வேண்டிய ஒன்று என்று. நம் காம்பவுண்டுக்குள் இருப்பதெல்லாம் வெறும் மரம், வெறும் குருவி, வெறும் பூச்சி. இந்த எண்ணத்தால் நான் ஒரு தவறு செய்தேன். அதைச் சொல்லத்தான் இன்று எழுந்து நிற்கிறேன்.

பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். பி பிளாக் பின்புறம் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்தது. அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு வருடமும் பொங்கல் கழிந்ததும் ஒரு சத்தம் ஆரம்பிக்கும். டொக், டொக், டொக் என்று ஒரே சீராக, நிறுத்தாமல். கோடை முழுக்கக் கேட்கும். அடுத்த குடியிருப்பில் தண்ணீர் பம்ப் பழுது என்று நான் முடிவு கட்டினேன். நம் எலக்ட்ரீஷியனை அனுப்பினேன். அவர் போய்ப் பார்த்துவிட்டு, "சார், மோட்டார் நல்லாத்தான் ஓடுது" என்றார். நான் விடவில்லை. அந்தக் குடியிருப்புச் செயலாளரிடம் நேரிலேயே போய்ச் சண்டை போட்டேன். அவரோடு ஒரு வருடம் பேச்சு வார்த்தை இல்லை.

2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தது. சென்னையில் எத்தனை மரம் சாய்ந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு மரம் என்றாலே நமக்கெல்லாம் பயம். அந்தத் தூங்குமூஞ்சியில் இரண்டு கிளைகள் பட்டுப்போயிருந்தன. கார் மேல் விழும், குழந்தை மேல் விழும் என்று புகார் வந்துகொண்டே இருந்தது. அப்போது நான்தான் செயலாளர். அடுத்த ஏப்ரலில் மரத்தை வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். கிளைகளை மட்டும் கழித்தால் போதுமா என்று யாரையும் கேட்கவில்லை.

வெட்ட வந்தவர் பட்ட கிளை ஒன்றைக் கீழே இறக்கி என்னிடம் காட்டினார். அதில் ஒரு துளை. எலுமிச்சம்பழம் நுழைகிற அளவு. காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் அவ்வளவு வட்டம். "உள்ளே உளுத்துப்போச்சு சார். எப்ப வேணா விழுந்திருக்கும்" என்றார். செய்தது சரிதான் என்று எனக்கு ஒரே நிம்மதி.

அடுத்த கோடையில் டொக் டொக் சத்தம் கேட்கவில்லை. பரவாயில்லை, பம்பைச் சரிசெய்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வருடம் கழித்து ஊரடங்கு வந்தது. பேத்தி எங்களோடு இருந்தாள். பால்கனியில் எது வந்து உட்கார்ந்தாலும், "தாத்தா, இது பேர் என்ன?" என்பாள். காக்கா, மைனா, கிளி. அதற்கு மேல் எனக்குச் சரக்கு இல்லை. வெட்கமாகி, ஊரடங்கு தளர்ந்ததும் சாலிம் அலியின் 'தி புக் ஆஃப் இந்தியன் பேர்ட்ஸ்' புத்தகத்தை வாங்கினேன். 1941-இல் முதலில் வந்த புத்தகம். ஒரு பறவைக்கு ஒரு படம். அளவு, நிறம், எங்கே இருக்கும், எப்படிக் கத்தும், எங்கே கூடு கட்டும் என்று சில வரிகள். எங்கள் வங்கி லெட்ஜர் மாதிரி. எனக்கு உடனே பிடித்துப்போனது.

புரட்டிக்கொண்டே வந்தபோது ஒரு சின்னப் பச்சைப் பறவை. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரியது. நெற்றியில் சிவப்பு, நெஞ்சில் சிவப்பு, தொண்டையில் மஞ்சள். தமிழில் செம்மார்புக் குக்குறுவான் என்கிறார்கள். ஆங்கிலத்தில் 'காப்பர்ஸ்மித்', அதாவது செம்புக் கொல்லர். அதன் குரல் தாமிரத் தகட்டைச் சுத்தியலால் சீராகத் தட்டுவதுபோல் இருக்குமாம். பட்ட கிளையில் அலகாலேயே வட்டமாகத் துளை குடைந்து கூடு வைக்குமாம்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பம்ப் பழுது இல்லை. கிளை தானாக உளுத்ததும் இல்லை. அந்தத் துளை ஒரு வீட்டு வாசல். நான் கையெழுத்துப் போட்டது ஏப்ரல் மாதம், அது கூடு வைத்திருக்கும் பருவம். உள்ளே குஞ்சு இருந்ததா என்று நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சாலிம் அலியின் சுயசரிதை ஒன்றும் இந்தத் தட்டில் இருக்கிறது. 'தி ஃபால் ஆஃப் எ ஸ்பேரோ', 1985-இல் வந்தது. தலைப்புக்குக் காரணமே அவர் சிறுவயதில் ஏர்கன்னால் சுட்டு வீழ்த்திய ஒரு குருவிதான். சாதாரணக் குருவி மாதிரி இருந்தது, ஆனால் தொண்டையில் மஞ்சள் தீற்றல். இது என்ன என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே இருந்த மில்லார்ட் என்ற அதிகாரி, பாடம் செய்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். அன்று தொடங்கியதுதான் அவருடைய பறவை ஆராய்ச்சி. அவ்வளவு பெரியவரும் பெயர் தெரியாத ஒரு பறவையைக் கொன்றுவிட்டுத்தான் ஆரம்பித்தார் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். அவர் கொன்ற கையோடு போய்க் கேட்டார். நான் மூன்று வருடம் கேட்கவே இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இந்த வகைப் புத்தகங்களைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். காட்டுக்குப் போகிறவர்கள் எழுதியதைவிட, இருந்த இடத்திலேயே இருந்து பார்த்தவர்கள் எழுதியதுதான் நம்மைப் போன்ற அடுக்குமாடிக்காரர்களுக்கு அதிகம் உதவும் என்பது என் அனுபவம். அப்படிப்பட்ட மூன்று பேரை மட்டும் இன்று அறிமுகப்படுத்துகிறேன்.

முதலாமவர் கில்பர்ட் ஒயிட். இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பகுதியில் செல்போர்ன் என்ற சிறு கிராமத்தில் வாழ்ந்த பாதிரியார். தன் ஊரில் பார்த்ததையெல்லாம் இரண்டு பேருக்குக் கடிதங்களாக எழுதினார். அவை 1789-இல் 'செல்போர்னின் இயற்கை வரலாறு' என்ற புத்தகமாக வந்தன. இருநூறு வருடங்களுக்கு மேலாகியும் இன்னும் பதிப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். அதில் புலியும் இல்லை, யானையும் இல்லை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் மூன்று சிறு குருவிகளை, குரலைக் கேட்டே வெவ்வேறு இனம் என்று பிரித்தார். அவர் தோட்டத்தில் டிமதி என்று ஓர் ஆமை, அத்தையிடமிருந்து வந்தது. அது எப்போது மண்ணுக்குள் போகிறது, எப்போது வெளியே வருகிறது என்று குறித்துவைத்தார். ஆண் பெயர் வைத்து அழைத்த அந்த ஆமை பெண் என்பது பிற்பாடுதான் தெரிய வந்ததாம்.

மண்புழுவைத் தோட்டக்காரர்கள் தொல்லை என்று நினைத்த காலத்தில், அது துளைத்துவிடாவிட்டால் மண் இறுகிப்போகும், செடி வளராது என்று எழுதியவர் இந்த ஒயிட். டார்வின் மண்புழுவைப் பற்றித் தனிப் புத்தகம் போட்டது 1881-இல். அதற்கு ஏறக்குறைய நூறு வருடம் முன்னால் ஒரு கிராமத்துப் பாதிரியார் தோட்டத்தில் குனிந்து பார்த்துக் கண்டுகொண்டது இது. பேவர் பிளாக் போடும்போதெல்லாம் எனக்கு இந்த மண்புழுவின் நினைவு வருகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாமவர் எட்வர்ட் ஹாமில்டன் எய்ட்கன். மராட்டியத்தில் சதாராவில் 1851-இல் பிறந்தவர். பம்பாய் மாகாணத்தில் சுங்கம், உப்புத் துறையில் வேலை. 1883-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கிய எட்டுப் பேரில் ஒருவர். அதே வருடம் 'தி டிரைப்ஸ் ஆன் மை ஃபிரான்டியர்' என்ற புத்தகம் எழுதினார். வெள்ளைக்கார அரசு அப்போது எல்லைப்புறக் குடிகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. எய்ட்கன் அதைக் கிண்டல் செய்வதுபோல், தன் பங்களாவின் எல்லையில் இருக்கும் குடிகளைப் பற்றி எழுதினார். யார் அவர்கள்? எலி, கொசு, பல்லி, எறும்பு, காக்கா, வௌவால், தவளை! நம் வாட்ஸ்அப் குழுவில் வரும் புகார்ப் பட்டியல் அப்படியே அதில் இருக்கிறது. ஆனால் படித்து முடிக்கும்போது கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிடும். ஒரு பல்லியை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

மூன்றாமவர் நம்மவர். மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. 1912-இல் பிறந்தவர், மயிலாப்பூரில் வாழ்ந்தவர். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 'கன்ட்ரி நோட்புக்' என்ற பத்தியை 1950-இல் தொடங்கினார். 46 வருடம் எழுதினார். 1996 பிப்ரவரி 18 அன்று அவர் காலமானார். அன்றைய இதழிலும் அவர் பத்தி வந்திருந்தது. யானையைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு தெரிந்தவர்கள் குறைவு. இருந்தும் காக்கை, அணில், புறா, மைனா என்று நம் மொட்டை மாடிக்கு வருகிறவற்றைப் பற்றியும் அதே அக்கறையோடு எழுதினார். நம் மண்ணுக்குரிய மரங்களை விட்டுவிட்டு வெளிநாட்டு அலங்காரச் செடிகளை நட்டுக்கொண்டிருக்கிறோமே என்று கடைசிவரை வாதாடியவர்.

கிருஷ்ணன் தமிழிலும் எழுதினார். அந்தக் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்குகிறவர்கள் இதிலிருந்து ஆரம்பியுங்கள். பாஸ்கரன் தபால் துறையில் உயர் பதவியில் இருந்தவர். 'இன்னும் பிறக்காத தலைமுறைக்கு', 'தாமரை பூத்த தடாகம்' என்ற அவருடைய புத்தகங்களும் இருக்கின்றன. பறவைகளின் தமிழ்ப் பெயர் தேடுகிறவர்களுக்கு க. ரத்னத்தின் 'தமிழில் பறவைப் பெயர்கள்' இருக்கிறது. புலிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கு, ஜிம் கார்பெட்டின் புத்தகம் தி.ஜ.ர. மொழிபெயர்ப்பில் 'குமாயுன் புலிகள்' என்று இருக்கிறது. என் டீப்பாய்ப் புலியையும் நன்கொடையாகக் கொடுத்துவிட்டேன். இனி நீங்கள் துடைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டப் புத்தகங்களும் சில உண்டு. ஒரே ஒரு எச்சரிக்கை. குளிர் தேசத்துத் தோட்டங்களின் படத்தைப் பார்த்துவிட்டு அதே மாதிரி இங்கே வேண்டும் என்று கேட்காதீர்கள். நம் முன்பக்கப் புல்தரை அப்படி வந்ததுதான். கோடையில் அது எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று டேங்கர் பில்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பட்டாம்பூச்சி வேண்டுமென்றால் பூச்செடி மட்டும் போதாது. அதன் புழு தின்ன இலை வேண்டும். அதுவும் ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வோர் இலை. எலுமிச்சை, கறிவேப்பிலையைத் தின்று வளர்வது ஒரு வகை, எருக்கைத் தின்பது இன்னொரு வகை. கறிவேப்பிலையில் புழு என்று மருந்தடித்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் வாங்கிக் கொடுக்கிறோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வரும் பொதுக்குழுவில் வடக்குச் சுவர் ஓரத்தில் இருக்கும் புங்க மரத்தை எடுத்துவிட்டு, பேவர் பிளாக் போட்டு, நான்கு கார் நிறுத்த இடம் செய்யலாம் என்று ஒரு தீர்மானம் வரப்போகிறது. கேட்பவர்களைக் குறை சொல்லமாட்டேன். என் மகன் வந்தால் காரைத் தெருவில்தான் விடுகிறான். இரண்டு முறை கண்ணாடியில் கீறல் விழுந்தது. இடம் தேவைதான். அந்த மரத்தைப் பற்றி இரண்டு புகார்கள் பதிவேட்டில் இருக்கின்றன. ஒன்று, இலையெல்லாம் புடைப்புப் புடைப்பாக இருக்கிறது, மரத்துக்கு நோய் என்பது. இரண்டு, அது பட்டுக்கொண்டு வருகிறது, போன வருடம் ஒரு இலைகூட இல்லாமல் நின்றது என்பது.

இரண்டுக்கும் பதில் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புடைப்புகள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் வேலை. புங்க மரங்களில் பரவலாக இருப்பது. அதனால் மரம் செத்துவிடாது. இலை கொட்டுவது அதன் வழக்கம். பங்குனி வாக்கில் கொட்டிவிட்டு, சில நாட்களிலேயே தளதளவென்று இளம்பச்சையாகத் துளிர்க்கும். பிறகு பூக்கும். கீழே விழுந்து கிடக்கும் பூவைச் சங்கப் புலவர்கள் பொரிக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். புன்கு என்று அவர்கள் சொன்னது இந்த மரத்தைத்தான். ஒரு சிறு நீலப் பட்டாம்பூச்சியின் புழு இதன் தளிரைத் தின்று வளர்கிறது. நம் மண்ணின் மரம். வெயிலில் அதன் அடியில் நிற்பவருக்கு மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை. நம் இஸ்திரிக்காரர் வண்டியை ஏன் அங்கே நிறுத்துகிறார் என்று அவரைக் கேளுங்கள்.

இதை இன்றே சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பொதுக்குழு நடக்கும் தேதியைப் பார்த்தேன். அந்த மரம் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும் சமயத்தில் வருகிறது. ஜன்னல் வழியே பார்க்கும் எவருக்கும், "பட்ட மரம்தானே, போகட்டும்" என்றுதான் தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. துளையைப் பார்த்து உளுத்துவிட்டது என்றவன் நான்.

எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. நான்கு கார் இடத்துக்கு வேறு வழி இருக்கிறதா என்பதைக் கணக்குத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து பார்க்கலாம். முன்பக்கப் புல்தரையில் ஒரு பகுதியை எடுத்தால் என்ன என்று நானே ஒரு வரைபடம் போட்டு வைத்திருக்கிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான். பொதுக்குழுவுக்கு முன்னால் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு, இந்தத் தட்டிலிருந்து பறவைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அந்த மரத்தடியில் ஒரு கால் மணி நேரம் நில்லுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் கண் கூர்மை.

செக்யூரிட்டி மேசையில் விசிட்டர் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு வைத்திருக்கிறோம். என்ன பார்த்தீர்கள், எங்கே, எத்தனை மணிக்கு என்று ஒரு வரி எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால், "பச்சையாக ஒன்று, வால் நீளம்" என்று எழுதினாலும் போதும். மற்றவர்கள் சேர்ந்து கண்டுபிடிப்போம். ஒயிட்டும் கிருஷ்ணனும் செய்தது இதைத்தான். அவர்கள் பல வருடம் விடாமல் செய்தார்கள். நாம் ஒரு மாதம் செய்து பார்ப்போம். பொதுக்குழுவில் அந்த நோட்டையும் மேசை மேல் வைக்க வேண்டும் என்று தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். அதைப் படித்துவிட்டு எப்படி முடிவெடுத்தாலும், எதை எடுக்கிறோம் என்று தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும். நான் போட்ட கையெழுத்து அப்படி இல்லை.

அடுத்த குடியிருப்புச் செயலாளர் வீட்டுக்குப் போய் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "அந்தச் சத்தம் இப்போ எங்க பக்கம் கேக்குது சார்" என்றார். அவர்கள் வளாகத்தில் ஒரு முருங்கை பட்டுப்போய் நிற்கிறதாம். வெட்டலாம் என்று இருந்தார்களாம். கோடை முடியட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

நூலக நேரம் மாலை ஐந்து முதல் எட்டு வரை. ஒருவருக்கு ஒரு புத்தகம், பதினைந்து நாள். பறவைப் புத்தகத்தை மட்டும் அன்றன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காலையில் இன்னொருவருக்கு அது வேண்டியிருக்கும்.